காவிரிக்கு ஒதுக்கிய 10 டி.எம்.சி. எங்கே ஓடுகிறது?

மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஷட்டர்களைத் தூக்கிவிட்டால், மறுநாள் செய்தியில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது. கடைமடையில் நாற்று கருகுவதைப் பார்த்தவர்களின் வயிற்றெரிச்சல் அந்த வரியில் இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனாலும் 'வீண்' என்கிற அந்தச் சொல்லை ஒருமுறை உரசிப் பார்க்கவேண்டும். ஏனென்றால், காவிரியைப் பங்கு பிரித்த தீர்ப்பிலேயே அதற்கு எதிராக ஒரு சின்னக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

2007 பிப்ரவரி 5 அன்று காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பை அளித்தது. ஆற்றில் கிடைக்கும் நீர் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று வைத்து, கர்நாடகத்துக்கு 270, தமிழ்நாட்டுக்கு 419, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. கூட்டிப் பார்த்தால் 726 வரும். மிச்சம் 14. அதில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு, 4 டி.எம்.சி. எப்படியும் தடுக்க முடியாமல் கடலுக்குப் போய்விடும் நீர். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆகக் கூட்டி, தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்தது. இரு மாநிலங்களும் கொதித்துப் பேசிய அந்த நாட்களில் இந்த 14-ஐப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது அப்படியே நின்றது.

ஆக, காவிரிக்கு ஐந்தாவதாக ஒரு பங்குதாரர் உண்டு. அது ஆறுதான். அதன் பங்கு நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை.

அந்தப் பங்கு எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கர்நாடகம் தரவேண்டிய நீரை இரு மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் அளக்கிறது. 2018 தீர்ப்புக்குப் பிறகு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று ஏறி, ஜனவரியில் 2.76 ஆக இறங்குகிறது அந்த அட்டவணை. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. நான்கு மாதத்துக்கும் சேர்த்தால் 10. ஆற்றின் பங்கு இதுதான். மாதம் முழுக்கச் சீராக விட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 965 கன அடி. பிலிகுண்டுலுவுக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே பாறைகளுக்குள் ஓடும் ஆற்றுக்கு அது ஒரு மெல்லிய ஓட்டம். ஆனால் உயிரோட்டம்.

நடைமுறையில் அந்தச் சீரான ஓட்டம் வாய்ப்பது அரிது. கணக்கு பார்ப்பது மாதத்துக்கு, நெருக்கிப் போனால் பத்து நாளுக்கு. பத்து நாள் வறண்டு கிடந்துவிட்டு ஒரே மூச்சில் திறந்துவிட்டாலும் கணக்குப் புத்தகத்தில் தொகை நேராகிவிடும். ஆற்றுக்குள் இருக்கும் உயிருக்கு அப்படி நேராகாது.

கோடையில் ஒகேனக்கல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அருவி நூலாகிவிடும். பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். வெயிலில் அவை ஆமை ஓடுகள் போலக் கிடக்கும். பாறைகளின் மேல் வெள்ளையாய்த் தண்ணீர்க் கறை, ஆள் உயரத்துக்கு மேலே. ஆடியில் ஆறு எங்கே ஓடியது என்பதற்கு அதுவே சாட்சி. கீழே, பாறை இடுக்குகளில் மடுக்கள் மட்டும் கரும்பச்சையாகத் தேங்கி நிற்கும். அந்த மடுவோரம் ஏதாவது தட்டையான பாறையில் நீர்நாயின் எச்சம் காய்ந்திருக்கும். விரலால் உதிர்த்தால் முழுக்க மீன் செதிளும் முள்ளும். ஒரு குடும்பமே அந்த மடுவை நம்பி இருக்கிறது என்று அர்த்தம்.

மடுதான் கோடைக் காவிரியின் கரு. ஆறு ஓடுவது நின்றாலும் மீன் சாகாமல் இருப்பது அங்கேதான். முதலையும் ஆமையும் நீர்நாயும் அங்கே ஒதுங்குகின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. மென்னோட்டு ஆமை, நீர்நாய், சதுப்புநில முதலை ஆகியவற்றின் வாழிடம் என்பது அறிவிப்புக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆற்றின் அக்கரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம். இரண்டு கரையிலும் காட்டைக் காப்பாற்றச் சட்டம் வந்துவிட்டது. நடுவில் ஓடும் தண்ணீரின் மட்டத்தைத் தீர்மானிப்பதோ எங்கோ மேலே இருக்கும் அணைகளின் மதகு.

ஓட்டம் நின்ற மடுவில் என்ன நடக்கும்? தண்ணீர் சூடேறும். பிராணவாயு குறையும். ஒரு மடுவுக்கும் அடுத்த மடுவுக்கும் நடுவே இருந்த ஓடை அறுந்தால் மீன் தப்பிக்க வழியில்லை. வலை போட்டாலோ, தோட்டா வெடித்தாலோ மொத்தமும் போய்விடும். கூடவே இன்னொன்று. பெங்களூரு குடிப்பது காவிரி நீர். அந்நகரத்தின் கழிவில் ஒரு பகுதி விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகள் வழியாகச் சங்கமம் என்ற இடத்தில் மீண்டும் காவிரிக்கே வந்து சேர்கிறது. மேலிருந்து நல்ல நீர் குறையக் குறைய, ஆற்றில் அந்தக் கழிவின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

எதிர்ப்பக்கத்துக் கெடுதலும் உண்டு. பங்குனி, சித்திரையில்தான் முதலையின் முட்டை கரை மணலுக்குள் இருக்கும். ஆற்று ஆலா என்ற பறவை மணல் திட்டில் வெறும் குழியில் முட்டையிடுவதும் அந்த மாதங்களில்தான். தேக்கி வைத்திருந்த நீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் அந்த முட்டைகள் போய்விடும். ஆகவே கோடை நீரில் அளவைவிடச் சீர் முக்கியம்.

இந்த ஆற்றுக்கே உரிய மீன் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. காவிரியின் கூன்முதுகு மஹசீர். கெண்டைக் குடும்பத்து மீன்; துடுப்புகளில் செம்மஞ்சள் நிறம்; தலைக்குப் பின்னால் முதுகு திமில் போல எழும்பும். பெரிய மீனின் ஒரு செதிள் உள்ளங்கை அளவு இருக்கும். வாயில் பல்லே கிடையாது, தொண்டைக்குள் இருக்கும் பல்லால் நத்தையையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும். 1946-இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. உலகத்தில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இது கிடையாது.

இவ்வளவு பெரிய மீனுக்கு அண்மைக்காலம் வரை சரியான அறிவியல் பெயர்கூட இல்லை என்பதை நம்பச் சிரமமாக இருக்கும். கேரளத்தின் பாம்பாற்றில் பிடித்த சிறு மீன்களை வைத்து 2007-இல் விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி' இனமும் இந்தக் கூன்முதுகு மீனும் ஒன்றுதான் என்று 2018-இல் உறுதியானது. பாம்பாறு அமராவதிக்கு வந்து, அமராவதி காவிரிக்கு வருவதை நினைத்தால் அதில் வியப்பில்லை. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்று சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்ததும் சாவு ஓலையும் கூடவே வந்தது போல இருந்தது எனக்கு. இன்று ஓரளவு உறுதியாக எஞ்சியிருக்கும் இடம் மோயாறு. முதுமலையைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கி பவானிசாகர் அணைக்குள் விழும் ஆறு அது. அணைக்குக் கீழே பவானி, அதற்குப் பிறகு காவிரி. மோயாற்று மீன் காவிரிக்கு வரவேண்டுமானால் அணையைத் தாண்டவேண்டும். தாண்ட வழியில்லை.

இந்த மீனின் வீழ்ச்சிக்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. காவிரியில் மஹசீர் குறைகிறது என்று கண்டு, 1970-களிலிருந்து பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் விடப்பட்டது வேறொரு இனம், நீலத்துடுப்பு மஹசீர். 1998 முதல் 2012 வரை கர்நாடகப் பகுதியில் தூண்டில் முகாமில் பிடித்துத் திருப்பி விட்ட மீன்களின் பதிவேட்டைப் புரட்டிய ஆய்வாளர்கள் கண்டது இதுதான்: மொத்த மஹசீர் கூடியிருக்கிறது, கூன்முதுகு மீன் அருகியிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆறு செழிப்பாகத்தான் தெரியும். மேட்டூரிலும் இந்தக் கதைதான். காவிரிக்கே உரிய வெண்கெண்டையும் கறுமுழிக் கெண்டையும் குறைந்து, கட்லா, ரோகு, ஜிலேபி என்று சந்தைக்கு வரும் மீனே மாறிப்போனது. மீனவருக்கு அன்றாட வருமானம் வேண்டும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றில் குஞ்சு விடும்போது எந்த ஆற்று இனம் என்று பார்க்கவேண்டியது துறையின் வேலை.

இனி காலத்தைப் பற்றி. பொதுவாக மஹசீர் இனங்கள் மழைக்கால வெள்ளம் வந்ததும் மேல்நோக்கி ஏறி, கூழாங்கல் படுகைகளிலும் துணையாறுகளிலும் முட்டையிடுகின்றன. 'புதுத்தண்ணிக்கு மீன் ஏறும்' என்று ஆற்றோரம் சொல்வார்களே, அதுதான். ஆனி, ஆடியில் ஆறு கலங்கிச் சிவந்து வருவது மீனுக்கு ஒரு சேதி. நமக்கும் அது சேதியாகத்தான் இருந்தது. ஆடி பதினெட்டுக்குக் கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்குப் போனது அதற்காகத்தான். இன்றைக்கு ஆடிப்பெருக்குக்கு மேட்டூரிலிருந்து தனியாகத் தண்ணீர் திறந்துவிடச் சொல்லிக் கேட்கிறோம். மனிதர் புனலாட நாள் பார்த்து நீர் விட முடியும் என்றால், மீன் ஏற நாள் பார்த்து நீர் விட முடியாதா என்ன?

அணைகள் அந்தச் சேதியைத்தான் முதலில் அழிக்கின்றன. பருவத்தின் முதல் வெள்ளம் முழுவதும் வெறும் அணைகளை நிரப்பப் போய்விடும். 49.45 டி.எம்.சி. கொள்ளும் கிருஷ்ணராஜ சாகர், 37 கொள்ளும் ஹேமாவதி, 19.5 கொள்ளும் கபினி எல்லாம் நிரம்பிய பிறகுதான் உபரி கீழே வரும். 2023-இல் பருவமழை பொய்த்தது. 2024 கோடையில் பெங்களூரு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தது. ஒகேனக்கல்லில் பாறைதான் தெரிந்தது. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் ஜூலை 28-இல்தான் திறந்தது. திறந்த இரண்டாம் நாளே அணை 120 அடியை எட்டிவிட்டது. கொள்ளிடம் கரை புரண்டது. சாரலாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறவேண்டிய ஆறு, அன்றைக்கு ஒரு பூட்டைத் திறந்ததுபோல் வந்தது.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மீன் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பதில்லை. பிலிகுண்டுலுவைத் தாண்டி மடுக்களை நனைத்து ஓடும் 2.5 டி.எம்.சி., கொஞ்சம் ஆவியானது போக, மேட்டூருக்குத்தான் வந்து சேர்கிறது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த அணையில் தங்கி, பின்னால் அதே நீர் நெல்லுக்குப் பாய்கிறது. அதாவது, சங்கமத்திலிருந்து மேட்டூர் வரை உள்ள காட்டாற்றுப் பகுதியில் மீனுக்கும் விவசாயிக்கும் சண்டையே இல்லை. ஒரே நீரை இரண்டு பேருக்கும் கொடுக்கலாம். கேட்பதெல்லாம் அந்த நீர் வரும் நாளும் வேகமும்தான். மாதக் கணக்கோடு 'எந்த நாளும் இத்தனை கன அடிக்குக் கீழே போகக் கூடாது' என்ற ஒரு வரியைச் சேர்த்தால் சிக்கலின் கோடைப் பாதி தீர்ந்துவிடும். ஜூன் மாதத்துப் பங்கில் ஒரு பகுதியைச் சில நாள் சேர்ந்தாற்போல் புதுவெள்ளமாக விட்டால் மழைக்காலப் பாதிக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். ஒரு டி.எம்.சி.கூட யாருக்கும் குறையாது. இப்படி நடந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணையிலிருந்து 1996-இல் விநாடிக்கு 45,000 கன அடி வீதம் ஒரு வாரம் செயற்கை வெள்ளம் விட்டார்கள், ஆற்றுக்குள் மணல் திட்டுகளை மீட்பதற்காக. மேட்டூருக்கு வரும் சாதாரண ஆடி வெள்ளமே பல நாட்கள் அதைவிடப் பெரிது.

மேட்டூருக்குக் கீழே இந்தக் கணக்கு இவ்வளவு எளிதாக இல்லை. அணையிலிருந்து சோழசிராமணி வரை செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று ஏழு கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்நிலையம். ஒரு கதவணையின் தேக்கம் முடியும் இடத்தில் அடுத்ததன் வேலை தொடங்குகிறது. ஓடும் ஆறு ஏழு குளமாகிவிட்டது. ஓடும் நீரில் வாழப் பிறந்த மீனுக்கு அங்கே இடமில்லை. தேங்கிய நீரில் பெருகும் ஜிலேபிக்குக் கொண்டாட்டம். சாயப்பட்டறைக் கழிவையும் மணல் கொள்ளையையும் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது, நான் அதற்குள் போகவில்லை.

ஆற்றுக்குக் குறுக்கே கட்டினால் மீனுக்கு என்ன ஆகும் என்பது இந்த ஊருக்குப் புதிய பாடமுமல்ல. கடலிலிருந்து உல்லம் மீன் கொள்ளிடத்தில் ஏறி முட்டையிடும் காலம் ஒன்று இருந்தது. வங்காளத்தார் இலீஷ் என்று உயிரை விடுகிறார்களே, அதே மீன். கீழணை அதன் வழியை மறித்தது. பிறகு மேட்டூர் வெள்ளத்தையும் அடக்கியது. கொள்ளிடத்தில் உல்லம் ஏறியதை இன்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்கக்கூட முடிவதில்லை.

கடைசியில் கடல்முகம். உண்மையான பங்குச் சண்டை இங்கேதான், ஏனென்றால் கடலுக்குப் போகும் நீர் வயலுக்குத் திரும்பாது. பூம்புகாரில் போய் நின்றால், பாட்டுகளில் நடந்தாய் வாழி என்று கேட்ட ஆறு வாய்க்கால் அளவில் வந்து மணல்மேட்டில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பல மாதங்கள் பார்க்கலாம். ஆற்று நீர் வந்து தள்ளாத இடத்தில் கடல்நீர் நிலத்தடியிலும் முகத்துவாரத்திலும் உள்ளே ஏறுகிறது. கோரையாறும் பாமணியாறும் போய்ச் சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பாருங்கள். ஏறத்தாழ முழுவதும் ஒரே மரம், உப்பை மிக அதிகம் தாங்கும் வெண்கண்டல். நன்னீர் கேட்கும் வகைகளுக்கு அங்கே பிழைப்பில்லை. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரத்தில் சுரபுன்னை இன்னும் நிற்கிறது. அந்தக் காடுகள்தான் இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில். செய்தியில் வீண் என்று எழுதப்படும் நீர், கடற்கரை ஊர்களின் கிணற்றை உப்பாகாமல் தள்ளி வைக்கிறது. மணல்மேட்டை உடைத்து முகத்துவாரத்தைத் திறக்கிறது. கடல் மீனுக்கு உணவு கொண்டுபோகிறது. ஆனால் இரண்டு வாரம் லட்சம் கன அடியும் மற்ற மாதங்களில் ஒன்றுமில்லாமலும் போனால், உப்பு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கேயும் மொத்தத்தைவிட நாள்தான் பேசுகிறது.

ஆனால் அந்த நாட்களுக்கு நீர் எங்கிருந்து எடுப்பது? வயலிலிருந்துதான். இதை மழுப்புவது நேர்மையாகாது. தமிழ்நாட்டில் காவிரியை நம்பிய நிலமாக நடுவர் மன்றம் ஏற்றது 24.71 லட்சம் ஏக்கர். அந்த நிலத்துக்காரரிடம் போய் அலையாத்திக்கு விட்டுக்கொடு என்று வெறும் கையோடு கேட்க முடியாது. கேட்க முடிவது வேறு. எப்போதும் தண்ணீர் கட்டி நிற்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வளர்க்க நம்மவர்களுக்குத் தெரியும், வேளாண் பல்கலைக்கழகமும் பல ஆண்டாகச் சொல்கிறது. தடையாக இருப்பது நம்பிக்கையின்மை. அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாத விவசாயி, வரும்போதே வயலை நிரப்பிக்கொள்ளத்தான் செய்வார். முறைத் தண்ணீர் சொன்ன நாளில் கடைமடைக்கு வந்தால் மிச்சம் தானாக விழும். மிச்சம் விழுவதில் ஒரு பங்கு முகத்துவாரத்துக்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், அது அடுத்த போகத்துக்கோ அடுத்த ஆலைக்கோ போய்விடும்.

எழுதி வைப்பது யார்? 2018 ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. தலைவர், நீர்வள, வேளாண் துறை உறுப்பினர்கள், நான்கு மாநிலங்களின் நீர்வளச் செயலர்கள். வனத்துக்கோ மீன்வளத்துக்கோ அங்கே நாற்காலி கிடையாது. ஐந்தாவது பங்குதாரருக்காகப் பேச யாரும் இல்லாத மன்றம். அதே 2018-இன் அக்டோபரில் கங்கைக்கு ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஹரித்வார் வரையிலான மேல்பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை அந்தந்தக் காலத்து வரத்தில் 20 விழுக்காடு, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடு ஆற்றிலேயே ஓடவேண்டும் என்று. அது போதாது என்று அங்கே சண்டை நடக்கிறது, அது வேறு. பருவத்துக்கு ஒரு அளவு என்ற எண்ணமாவது அதில் இருக்கிறது. காவிரிக்கு அதுவும் இல்லை.

இதற்கிடையில் மேக்கேதாட்டு. 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் கர்நாடகம் முன்வைக்கும் அந்த அணை, இந்தக் கட்டுரையில் சொன்ன மடுக்கள் நிறைந்த பகுதியின் மேலேயே வருகிறது. மூழ்கும் சுமார் 5,000 ஹெக்டேரில் 3,000-க்கு மேல் காவிரிச் சரணாலயத்துக்குள். தமிழ்நாடு அதை எதிர்ப்பது தண்ணீர் குறையும் என்பதற்காக. எதிர்ப்பு நியாயமானது. ஆனால் நம் வாதத்தில் காட்டாறும் நீர்நாயும் கூன்முதுகு மீனும் ஒரு வரியாவது வந்தால், அது நம் பங்குக்கான வாதத்துக்கும் வலுதான். அங்கே ஓடும் நீர் நமக்கு வேண்டும். ஓடிக்கொண்டே வரவேண்டும் என்பதும் நம் தேவைதான்.

2018 தீர்ப்பின் பங்கீடு பதினைந்து ஆண்டுக்கு மாறாது. 2033 வாக்கில் எல்லாரும் மறுபடி கணக்குப் புத்தகத்தைத் திறப்பார்கள். அன்றைக்கு நான்கு மாநிலமும் ஏக்கர் கணக்கையும் மக்கள்தொகைக் கணக்கையும் கட்டுக்கட்டாக அடுக்கும். ஆற்றின் பக்கத்தில் வைக்க நம்மிடம் என்ன இருக்கும்? பிலிகுண்டுலுவில் நாள்வாரி ஓட்டம் ஏற்கெனவே அளக்கப்படுகிறது. அதோடு ஒகேனக்கல்லிலிருந்து மேலே ஒவ்வொரு மடுவிலும் கோடைதோறும் ஆழம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, எத்தனை நாள் ஓடை அறுந்து கிடந்தது, எந்த ஓட்டத்தில் மீண்டும் சேர்ந்தது என்று எழுதிவைக்க ஒரு அளவுகோலும் நோட்டும் போதும். பரிசல்காரர்களுக்கு அந்த மடுக்கள் ஒவ்வொன்றும் பெயரோடு தெரியும். சரணாலயத்து வனக்காவலர்கள் வாரம் தவறாமல் அந்தக் கரையில் நடக்கிறார்கள். அடுத்த மாசி மாதத்திலேயே தொடங்கிவிடலாம்.